தட்டு காலியாகும் வரை

ஜூன் 11

அக்கா,

நீ தைத்து அனுப்பிய பள்ளி ஸ்கர்ட் வந்து சேர்ந்தது. நன்றி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது எனக்குப் பொருந்தவில்லை.

மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு கொக்கியை மாட்டிவிட்டேன். இரண்டாவது பாடவேளையில் அது தெறித்து, முன் பெஞ்சில் இருப்பவளின் நோட்டில் போய் விழுந்தது. அவள் அதைக் கையால் தொடவில்லை. ஸ்கேலால் தள்ளித் தள்ளி என் பக்கம் அனுப்பினாள், செத்த கரப்பான்பூச்சியைத் தள்ளுவதுபோல. பிறகு ஸ்கேலைத் துடைத்தாள்.

தப்பு என்னுடையதுதான். போன வருஷத்து அளவையே உனக்கு எழுதி அனுப்பினேன். உண்மையான இடுப்பு அளவு முப்பத்தெட்டு அங்குலம். கோபப்படாதே. இன்னொன்று தைக்க முடியுமா? பக்கத்தில் கொஞ்சம் துணி மடித்து விட்டால் நல்லது.

எப்போதும்போல பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை அக்கா விலாசத்துக்கே அனுப்பு. வீட்டுக்கு அனுப்பாதே. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

வாலு

*

ஜூன் 19

அடியே வாலு,

முப்பத்தெட்டா? டேப்பைத் தலைகீழாகப் பிடித்தாயா?

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். எங்கள் தொழிற்சாலையில் பள்ளிச் சீருடைக்கு ஒரு மேஜை, பெண்கள் உடைக்கு ஒரு மேஜை. உன் அளவு எங்கள் மேஜையில் கிடையாது. பெண்கள் உடை மேஜைக்குப் போய்க் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். "யாருக்கும்மா இது, டீச்சருக்கா?" என்றார். "என் தங்கச்சிக்கு" என்றேன். "ஓ, எத்தனை குழந்தைங்க?" என்றார். மேஜையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பதினாலு வயசுடி உனக்கு. நான் வீட்டைவிட்டு வந்தபோது நீ குச்சி மாதிரி இருந்தாய். இரண்டு வருஷத்தில் அப்படி என்னதான் தின்கிறாய்? நாள் முழுக்கச் சீருடை அளவு பார்ப்பவள் நான். எந்த வயதுக்கு எந்த இடுப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உன் வயதுக்கு இது இல்லை. வாயைக் கட்டு. இரண்டாம் முறை சோறு கேட்காதே. அவ்வளவுதான் வைத்தியம்.

ஸ்கர்ட் தைக்கிறேன். ஆனால் இதுதான் கடைசிப் பெரிய அளவு, சொல்லிவிட்டேன்.

அக்கா

*

ஜூன் 27

அக்கா,

டேப்பைச் சரியாகத்தான் பிடித்தேன்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எங்களுக்கு எடை பார்ப்பார்கள். விளையாட்டு மைதானத்து ஓரத்தில் மிஷினை வைத்து, நர்ஸ் அக்கா குனிந்து முள்ளைப் பார்த்துச் சொல்வார். விளையாட்டு டீச்சர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லி என் உடல்நல அட்டையில் எழுதுவார். "எழுபத்திநாலு!" என்று நேற்று சொன்னார். வரிசையில் யாரோ "மிஷின் உயிரோட இருக்கா மிஸ்?" என்று கேட்டார்கள். எனக்கு அங்கே 'ரோடு ரோலர்' என்று பெயர். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது; வாயைப் பொத்திக்கொண்டார். வெயிலில் என் தொடைகள் ஒன்றோடொன்று உரசிப் புண்ணாகி எரிந்துகொண்டிருந்தன. என் வியர்வை வாடை எனக்கே குமட்டியது.

நர்ஸ் அக்கா எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். எத்தனை மணிக்குத் தூங்குவாய், எவ்வளவு நேரம் டிவி பார்ப்பாய் என்றெல்லாம் கேள்விகள். பதினோராவது கேள்வி: 'உன் வீட்டில் ஒருவர் இன்னொருவரை அடிப்பதைப் பார்த்திருக்கிறாயா?' எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்து 'இல்லை' என்பதில் டிக் போட்டேன். ஏன் பென்சில் என்று எனக்கே தெரியவில்லை.

நான் ஆசைப்பட்டுத் தின்கிறேன் என்றா நினைக்கிறாய்? கறியின் கொழுப்பு ஆறிப்போய்த் தட்டின் ஓரத்தில் வெள்ளையாக உறைந்திருக்கும். அதையும் வழித்து வாயில் போடுகிறேன். மெல்ல மெல்லச் சோறு பசை மாதிரி ஆகிவிடும். அதையும் விழுங்குகிறேன். இதற்கு மேல் கேட்காதே.

இதைப் பற்றி வீட்டுக்கு மட்டும் எதுவும் எழுதாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு

*

ஜூலை 3

வாலு,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. ஐந்து நாள் முன்பே ஸ்கர்ட்டை வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். அம்மா பெயருக்கு.

உனக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் இது ஜெராக்ஸ் கடை வழியாகத் தீர்கிற விஷயம் இல்லை என்று தோன்றியது. எங்கள் கேன்டீனில் வாரம் ஒருமுறை வரும் டாக்டரம்மாவிடம் உன் வயது, இடுப்பளவு எல்லாம் சொல்லி ஒரு சாப்பாட்டுப் பட்டியல் வாங்கினேன். காலையில் இவ்வளவு, மதியம் இவ்வளவு, இரவு ஒரே தட்டு. அதை வைத்து அம்மாவுக்கு நாலு வரி எழுதினேன்.

யோசித்துப் பார். "உங்களுக்கு அடி வாங்கப் பிடிச்சிருந்தா வாங்கிக்கிட்டே இருங்க, என்னை ஆளை விடுங்க" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் படி இறங்கியவள் நான். இரண்டு வருஷமாக அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. உனக்காக எழுதினேன். 'சின்னவள் தட்டை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதினேன். அதில் என்ன தப்பு?

அந்தக் கொழுப்பை வழித்துத் தின்பதாக எழுதியிருக்கிறாயே. பிடிக்காததை ஏன் தின்கிறாய்? யார் உன் வாயில் திணிக்கிறார்கள்?

அக்கா

*

ஜூலை 14

அக்கா,

யார் திணிக்கிறார்கள் என்று கேட்டாய். சொல்கிறேன்.

பார்சல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பாதான் கதவைத் திறந்தார். அம்மா பெயர் போட்டிருந்தாலும் அவர்தான் பிரித்தார், அவர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். "பெரியவ ரெண்டு வருஷத்துல இப்பதான் உருப்படியா ஒண்ணு எழுதியிருக்கா" என்றார். பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். கார் பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு 'எல்' ஸ்டிக்கர் ஒன்றை அதன் தலையில் ஒட்டினார். "இன்னிலேர்ந்து நீ என் ஸ்டூடன்ட்" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

உனக்குத் தெரியும், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அவருக்குத் தெருவில் 'பொறுமை மாஸ்டர்' என்று பெயர். எத்தனை தடவை வண்டியை நிறுத்தினாலும் பழகுகிறவர்களைத் திட்டமாட்டார். அவருடைய காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறதே, அதை மட்டும் அழுத்துவார். நாள் முழுக்க அழுத்திவிட்டு வீட்டுக்கு வருவார். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்தத் தொடங்கும். முதலில் மெதுவாக. சோறு குழைந்துவிட்டது என்பார், அழுத்துவார். யாருக்கு ஃபோன் பேசினாய் என்று அம்மாவைக் கேட்பார், அழுத்துவார். செருப்பு தரையில் தேயும் சத்தம் கேட்கும். முகம் அப்படியே இருக்கும், ஏதோ வேடிக்கை பார்ப்பதுபோல. நான் முகத்தைப் பார்க்கவே மாட்டேன். கீழே காலைத்தான் பார்ப்பேன்.

அந்தக் கால் வேகமானால் நான் தட்டை நீட்டுவேன். "அம்மா, இன்னும் கொஞ்சம்."

அவ்வளவுதான். அவர் அசையமாட்டார். "சாப்பிடுற குழந்தை முன்னாடி கை ஓங்குறவன் மனுஷனா?" என்று பெருமையாகச் சொல்வார். பழக வருகிறவர்களிடம்கூட அதைச் சொல்வாராம். அது அவருடைய சட்டம். என் தட்டில் சோறு இருக்கும் வரை அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் நான் எழுந்திருக்கமாட்டேன். மூன்றாம் தட்டு, நாலாம் தட்டு. அவர் கொட்டாவி விட்டு, பல் குத்தி, ஏப்பம் விட்டு, தூக்கம் வந்து எழுந்துபோகும் வரை. சில நாள் ஒன்றரை மணி நேரம் ஆகும். பிறகு குளியலறையில் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தொண்டை வரை சோறு நிற்கும். சில நாள் திரும்பி வந்துவிடும்.

அம்மாவுக்கு இது தெரியாது. "நீயாவது நல்லா சாப்பிடறியே, அது போதும்டி எனக்கு" என்பாள்.

உன் பட்டியல் வந்த பிறகு எனக்கு ஒரே தட்டு. "முடிஞ்சுதா? எழுந்திரு. ரூமுக்குப் போய்ப் படி." முதல் நாள் ஒவ்வொரு பருக்கையாகத் தின்றேன். "என்ன, பல்லு விழுந்துடுச்சா?" என்று தட்டை எடுத்துவிட்டார். இரண்டாம் நாள் அறைந்த சத்தம் கேட்டது. நான்காம் நாள் பச்சைக் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். அம்மா கத்தவில்லை. குழாய் ஓடும் சத்தம்தான் கேட்டது, வெகுநேரம். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். எலுமிச்சை சோப்பு வாசனையோடு என் அறைக்கு வந்து, "அம்மா வழுக்கி விழுந்துட்டா, ஒரு டாக்ஸி கூப்பிடு" என்றார். விரல்களை ஒவ்வொன்றாகத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்த வாசனை வந்தால் இப்போதும் எனக்கு வாய் ஊறி வாந்தி வருகிறது.

இடது கை, மணிக்கட்டுக்கு மேலே. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

ஸ்கர்ட் சரியாக இருக்கிறது.

வாலு

*

ஜூலை 20

வாலு,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிட வேண்டும்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தை நீ கண்டுபிடிக்கவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன்.

உனக்கு ஆறு வயது. எனக்கு இப்போதைய உன் வயது, பதினாலு. ஒருநாள் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். கீழே அவருடைய கால் அழுத்த ஆரம்பித்தது. நீ சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தாய். நான் உன் தோளைப் பிடித்து உட்கார வைத்து உன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். காதில் சொன்னேன்: "சாப்பிட்டுக்கிட்டே இரு. நீ எழுந்திரிக்காத வரைக்கும் ஒண்ணும் நடக்காது." நீ தலையாட்டினாய். நீ சொன்ன பேச்சுக் கேட்கிற குழந்தை. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம், என்னால் விழுங்க முடியாத நாளில் எல்லாம் உன் தட்டில்தான் போட்டேன். மற்ற நாளில் நானே தின்றேன்.

பிறகு கிளம்பி வந்துவிட்டேன். அம்மாவைப் பிடிக்காததால் வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் இன்னொரு தட்டு சோறு தின்ன முடியாமல்தான் வந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை, "இனிமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொல்லவில்லை. மறந்துபோனேன் என்றால் நம்புவாயா? நிஜமாகவே மறந்துபோனேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

இங்கே கேன்டீனில் எல்லோரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு ரொட்டியைத் தின்றுவிட்டு ஓடுவேன். "நிக்கிற மாடு" என்று பட்டப்பெயர். என் எடை நாற்பத்தொன்று. எனக்கும் டாக்டரம்மா ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார், நிறையச் சாப்பிடச் சொல்லி. அதை மடித்துத் தையல் மிஷின் காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஆடாமல் இருக்க.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த நர்ஸிடம் போ. பென்சிலில் போட்டதை அழி. நான் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நானே ஓடி வர முடியும். ஆனால் நான் வந்து கத்தினால் அம்மா கதவைச் சாத்திக்கொள்வாள். முன்பும் அதுதான் நடந்தது. உன்னால்தான் முடியும்.

பயமாக இருந்தால் பயத்தோடு போ.

அக்கா

*

ஆகஸ்ட் 2

அக்கா,

இது குளியலறை இல்லை. உண்மையான மேஜையில் வைத்து எழுதுகிறேன். எங்கே என்று கடைசியில் சொல்கிறேன்.

மாதக் கடைசி எடை பார்த்தார்கள். எழுபது. விளையாட்டு டீச்சர் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "ஒரே மாசத்துல நாலு கிலோ! எல்லாரும் ஒரு கைதட்டு!" வரிசை முழுக்கத் தட்டியது. ஸ்கேலால் கொக்கியைத் தள்ளினாளே, அவளும் தட்டினாள். எனக்கு அந்தக் குச்சி ஒடிந்த சத்தம்தான் கேட்டது. மிஷின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். காலையில் தின்ற ஒரு முட்டை, பட்டியலில் இருந்தபடி.

நர்ஸ் அக்கா என்னை அறைக்குக் கூட்டிப்போனார். முகம் கழுவி, உட்கார்ந்து, "என்னோட ஃபாரம் குடுங்க" என்றேன். தேடி எடுத்துக் கொடுத்தார். ரப்பர் கேட்டேன். பதினோராவது கேள்வியில் அழித்துவிட்டு, பேனாவால் 'ஆம்' என்பதில் போட்டேன். டிக் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அவர் அதைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றார். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒரு தட்டுச் சோற்றுக்கு ஆகிற அதே நேரம்.

மறுநாள் அப்பா காலை வகுப்பில் இருந்தபோது நர்ஸ் அக்கா அம்மாவைக் கூப்பிட்டார். பள்ளிக் கட்டணம் பற்றி என்று சொன்னாராம். அம்மா மாவுக்கட்டை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள். வந்ததும், யாரும் கேட்காமலே, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள்.

நர்ஸ் அக்கா என் உடல்நல அட்டையை அம்மா முன்னால் விரித்து வைத்தார். இரண்டு வருஷக் கட்டங்கள். "இந்தப் பொண்ணு எடை ஒரே சீரா ஏறலம்மா. சில மாசம் சும்மா இருக்கு, சில மாசம் மூணு, நாலுன்னு தூக்குது. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அம்மா குனிந்து பார்த்தாள். முதலில் புரியவில்லை. பிறகு நல்ல கையின் விரலை ஒரு கட்டத்தில் வைத்தாள்.

"இது பெரியவ வீட்டை விட்டுப் போன மாசம்" என்றாள்.

விரல் நகர்ந்தது. "இது, பழக வந்த பையன் அவரோட கார கொண்டுபோய் சுவத்துல இடிச்ச மாசம்." இன்னொரு கட்டம். "இது எங்கண்ணன் வந்துட்டுப் போன மாசம்." அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள், அக்கா. தேதி கேட்டிருந்தால் தேதியும் சொல்லியிருப்பாள். அவள் உடம்பில் விழ வேண்டியதெல்லாம் என் உடம்பில் எழுதியிருந்தது.

"ஏப்ரல்ல குறைஞ்சிருக்கே?" என்றார் நர்ஸ் அக்கா.

"ஏப்ரல்ல அவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில இருந்தார்."

"அப்ப ஜூலைல குறைஞ்சது?"

அம்மா தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கம். "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்று என்னைப் போலவே மெதுவாகச் சொன்னாள். "அதுக்கா கேட்ட? அதுக்கா ஒவ்வொரு வேளையும் கேட்ட? நான் வேற சந்தோஷப்பட்டுப் போட்டேனே, பாவி, என் கையாலயே போட்டேனே."

தலையில் அடித்துக்கொண்டாள். மாவுக்கட்டுக் கையால் அடித்துக்கொண்டதில் நெற்றி வீங்கிவிட்டது. நர்ஸ் அக்கா பிடித்து நிறுத்தினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மா நிமிர்ந்தாள்.

"எழுதிக்கோங்க. நான் வழுக்கி விழல."

பெண்கள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். "வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்துட்டு வர்றீங்களா? கூட ஆள் அனுப்பறோம்" என்றார். அம்மா வேண்டாம் என்றாள். "அந்த வாசப்படிய மிதிச்சா என் மனசு மாறிடும். எனக்கு என்னைத் தெரியும். இப்படியே போயிடலாம்." என் புத்தகப்பையும் அவள் கைப்பையும்தான் எங்களிடம் இருக்கிறது.

இது அவர்களுடைய விடுதி. விலாசத்தைக் கவரின் பின்பக்கம் எழுதவில்லை, உள்ளே தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

வாலு

*

ஆகஸ்ட் 7

வாலு,

சீட்டைக் கிழித்துவிட்டேன். விலாசம் மனப்பாடம்.

அடுத்த வாரம் ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். இங்கே என் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது, பேசி வைத்திருக்கிறேன். ஜன்னல் சந்தைப் பக்கம், சத்தமாக இருக்கும். இங்குள்ள பள்ளியிலும் விசாரித்தேன். அவர்களுக்கு நீல நிறச் சீருடை. துணி எடுத்துவிட்டேன். உன் அளவையும் அம்மா அளவையும் உடனே எழுது, வரும்போதே தைத்துக் கொண்டுவருகிறேன்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்லி வை.

அக்கா

*

ஆகஸ்ட் 12

அக்கா,

அம்மாவிடம் உன் கடிதத்தையே படிக்கக் கொடுத்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு, "அவ என்ன சொல்றது, நான்ல சொல்லணும்" என்றாள். அப்புறம், "நிக்கிற மாடா? யார் அவளுக்கு அப்படிப் பேர் வெச்சது?" என்று கோபித்துக்கொண்டாள். என் புத்தகப்பையில் இருந்த பழைய கடிதங்களையும் படித்துவிட்டாள். மன்னித்துக்கொள்.

நேற்று ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு விடுதி ஃபோனிலிருந்து பேசினேன். அப்பா கடைக்கு வந்தாராம். சத்தம் போடவில்லையாம். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா, என் பொண்ணு சாப்பிட்டாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாராம். கடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்களாம். ஃபோனை வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். முழங்கை வரை கழுவினேன். நானும் அவரைப் போலவே கழுவுகிறேன் என்று பாதியில் தோன்றியது. அப்படியே ஈரத்தோடு வந்துவிட்டேன்.

இங்கே நீளமான மேஜை, பதினாறு பேர். முதல் நாள் நான் கீழே குனிந்து எல்லோருடைய கால்களையும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, "என்ன பாப்பா, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்றார். இல்லை என்றேன். இன்று இரவு பாதி ரொட்டி தின்றதும் எனக்குப் போதும் என்று தோன்றியது. பசி போய்விட்டால் போதும் என்று தோன்றும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மீதி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அவள் எதிரே உட்கார்ந்து ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கை கழுவிட்டு வா" என்றாள். அவ்வளவுதான். நான் கதவு வரை போய் நின்று திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அளவு கேட்டிருந்தாய். அனுப்பமாட்டேன். முதலில் பொய் எழுதினேன், அடுத்து எழுதிய உண்மைக்கு நீ திட்டினாய். துணியையும் டேப்பையும் கொண்டுவா. நீயே அளந்துகொள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வந்து சேர்.

உனக்கும் இங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. உட்காரவேண்டும்.

வாலு